பின்னல்: பதிப்பு 999

மேஸ்திரி எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவது ஞானப்பிரகாசத்தின் வழக்கம். அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தலைக்குள் கணினிச் சில்லு வைத்துக்கொண்ட அத்தனை பேரும் அப்படித்தான். ஒருநாளைக்கு நாற்பது தடவை ஒரு குரல் உள்ளேயிருந்து "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்தால் எவன்தான் முழுசாகக் கேட்பான்?

மேஸ்திரி என்றால் ஆள் இல்லை. சில்லுக்குள் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் நிரல். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் மிக நீளம் என்பதால் திருச்சி ஜனங்கள் மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு நீச்சல் வேண்டுமா, கணக்குப் பார்க்க வேண்டுமா, ஜப்பான் மொழி பேச வேண்டுமா, மேஸ்திரியிடம் சொன்னால் போதும். சென்னையில் இருக்கும் களஞ்சியத்திலிருந்து அந்தத் திறமையைப் பொதியாக இறக்கிக் கொடுத்துவிடுவார். அந்தப் பொதிக்கு வேறு பொதிகள் தேவைப்பட்டால் அவற்றையும் கேட்காமலே கூட இழுத்து வருவார். காரோட்டத்துடன் 'பொறுமை' என்றொரு பொதியும் வரும். பாலக்கரை ரவுண்டானாவில் நின்று பார்த்தால் அதை யாரும் பிரித்ததாகவே தெரியவில்லை.

ஞானப்பிரகாசத்துக்குக் கேபிள் இணைக்கிற வேலை. ஆடி மாதம் ஒரு காலை, அவன் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வாஷ்பேசினில் குனிந்திருந்தபோது மேஸ்திரி வந்தார்.

"ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனம் 'கேபிள் இணைப்பு, பதிப்பு ஆறு' என்ற பொதியைக் கட்டாயமாக்கியுள்ளது. அதற்கு 'விரல் நுட்பம்' தேவை. 'விரல் நுட்பம்' இயங்க 'பின்னல், பதிப்பு நான்கு' தேவை. இவை அனைத்தையும் நிறுவலாமா?"

"ச்சி" என்றான் ஞானப்பிரகாசம், நுரையோடு. மேஸ்திரி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த அறையில் பிலோமினா முக்காலியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, கூந்தலை விரித்துப் போட்டுக் காத்திருந்தாள். அந்த வீட்டில் மனைவிக்குத் தலை பின்னுவது புருஷன்தான். கல்யாணமான புதிதில் பிலோமினா மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஞானப்பிரகாசம் கேபிள்காரன், மூன்று பிரியைச் சேர்த்து முறுக்குவது தனக்குத் தெரியாதா என்று சீப்பை வாங்கினான். கேபிளை முறுக்குகிற மாதிரியே ஒவ்வொரு மடிப்புக்கும் அரை முறுக்கு கொடுத்தான். முதல் நாள் பின்னல் இடது தோள்பட்டையைப் பார்த்துத் திரும்பி நின்றது. அன்றிலிருந்து அது திரும்பியே நின்றது. மணிக்கட்டு சரியான பிறகும் இருவரும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

பின்னல் மட்டுமென்றால் பிலோமினா அன்றைக்கே சீப்பைப் பிடுங்கியிருப்பாள். அந்த நேரம்தான் அவளுக்கு முக்கியம். பிலோமினாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. பல்வலியோடு வருகிற ஜனம் படுத்துகிற பாட்டையெல்லாம் காலையில் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் கொட்டுவாள். ஞானப்பிரகாசம் பின்னால் நின்று முடியை இழுத்து முறுக்கிக்கொண்டே, "அட, அப்படியா சேதி" என்பான். அவனுக்கு அந்தக் கூந்தல் என்றால் உயிர். கேபிளைத் தவிர அவன் விரல்கள் ஆசையாகத் தொட்ட வஸ்து அது ஒன்றுதான்.

அன்று காலை பிலோமினா ஆரம்பித்தாள். "நேத்து ஒரு வக்கீல் வந்தாருங்க. கடைவாய்ப் பல்லு. நாற்காலியில சாய்ஞ்சதும் டாக்டர்கிட்ட என்ன சொன்னாருன்னா..."

"முடிஞ்சுது" என்றான் ஞானப்பிரகாசம்.

அவனுக்கே திகைப்பாக இருந்தது. விரல்கள் மின்விசிறி மாதிரிச் சுழன்று ஓய்ந்திருந்தன. பிலோமினா எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். பின்னல் முதுகின் நட்டநடுவில், எண்ணெய் விளம்பரத்தில் வருகிற மாதிரி, ஒரு மயிர் பிசகாமல் இறங்கியிருந்தது.

"யாருது இது?" என்றாள்.

"உன்னுதுதான்."

"என்னுது இப்படி இருக்காது. இது யாரோ ஒருத்தியோட சடை. அதுவுமில்லாம நான் வக்கீல் கதைய ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிச்சுத் தள்ளிட்டீங்க."

மறுநாள் அவன் வேண்டுமென்றே மெதுவாகப் பின்னப் பார்த்தான். விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கும் மறுநாள் அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினான். ஒவ்வொரு தடவையும் விளம்பரம்தான் வந்தது. வக்கீல் நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே கிடந்தார். வாரக் கடைசியில் பிலோமினா எழுந்து நின்று, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்:

"ஆரோக்கிய மாதாவே, திருவிழாவுக்குள்ள என் பின்னல் எனக்குத் திரும்பி வரலன்னா, வேளாங்கண்ணிக்கு வந்து உனக்கு மொட்டை போட்டுக்கறேன். இது சத்தியம்."

ஞானப்பிரகாசத்துக்கு அவளைத் தெரியும். பிலோமினா கோபத்தில் சொன்னதைச் சாயங்காலம் மறந்துவிடுவாள். மாதாவிடம் சொன்னதை மறக்கமாட்டாள்.

அவன் உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டான். "அந்தப் பின்னல் பொதியத் தூக்கிடுங்க."

"ஐயா, வணக்கம். பின்னலை நீக்கினால் அதைச் சார்ந்துள்ள கேபிள் இணைப்பு, விரல் நுட்பம், அதன் பொறுப்புக்கு மாறிவிட்ட பொத்தான் போடுதல், இட்லி பிய்த்தல் ஆகியவையும்..."

"சரி, சரி."

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பொத்தான் எது, ஓட்டை எது என்று தெரிந்தது. ஒன்றுக்குள் மற்றதை எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. தட்டில் இருந்த இட்லியைக் கையால் குத்தினான், அது வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்ச் செம்பில் மோதியது. பிலோமினா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள்.

"ஊட்டியும் விடணுமா?"

"வேணாம் பிலோமி. பழைய பின்னல் திரும்பி வந்துச்சான்னு மட்டும் பாரு."

அவன் விரல்கள் அவள் கூந்தலுக்குள் போய் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டன. விரல் நுட்பம் போனதில் பழைய பின்னலுக்கும் காலுடைந்துவிட்டது. கத்தரிக்கோல் இல்லாமல் கையை வெளியே எடுக்க முடிந்தது மாதாவின் கிருபை. கேபிள் இணைக்கத் தெரியாத கேபிள்காரனை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது என்பதால் அன்று மதியமே எல்லாவற்றையும் மறுபடி இறக்கிக்கொண்டான்.

கூட வேலை பார்ப்பவன் ஒருவன்தான் தாஜுதீனைப் பற்றிச் சொன்னான். சிங்காரத்தோப்பில் ஒரு கொலுசுக் கடைக்கு மாடியில் தாஜுதீன் சில்லு பழுது பார்க்கிறான். முப்பது வயதிருக்கும். எந்நேரமும் வாயில் பாக்கு. ஞானப்பிரகாசத்தின் காதுக்குப் பின்னால் ஒரு வட்டை ஒட்டி, திரையைப் பார்த்துவிட்டு, பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"அண்ணே, உங்க பழைய பின்னல் எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு."

"அப்ப ஏன் வர மாட்டேங்குது?"

"அது களஞ்சியத்துலேருந்து வந்ததில்ல, நீங்களே உக்காந்து கட்டினது. மூலத்துலேருந்து கட்டினதுன்னு நாங்க சொல்லுவோம். அது இருக்கறதே மேஸ்திரிக்குத் தெரியாது. அவரு கணக்குல ஏறாதது உலகத்துலயே இல்ல. 'விரல் நுட்பத்துக்குப் பின்னல் வேணுமே, இவருகிட்ட இல்லயே'ன்னு கடைச்சரக்க வாங்கி முன்னாடி வெச்சுட்டாரு. கை முதல்ல ஆப்புடறதத்தான எடுக்கும்?"

"கடைச்சரக்க மட்டும் தூக்க முடியாதா?"

"தூக்கினா பொத்தான் போட மாட்டீங்களே."

"அது தெரியும்" என்றான் ஞானப்பிரகாசம் அவசரமாக.

"ஒரே வழிதான். உங்க பழசையே ஒரு பொதியாக் கட்டி, 'பின்னல்'னு அதே பேரப் போட்டு மேஸ்திரி கணக்குல ஏத்திடுவோம். விரல் நுட்பம் கேக்குறது பின்னல்ங்கற பேரைத்தான். யாரு பின்னல்னு கேக்காது. அதுக்கு நீங்க ஒருதரம் பழைய மாதிரி பின்னிக் காட்டணும். புதுச கொஞ்ச நேரம் மயக்கி வெக்கறேன், ரொம்ப நேரம் தாங்காது, மேஸ்திரி எழுப்பிடுவாரு. அதுக்குள்ள நீங்க என்னென்ன பண்றீங்களோ அத்தனையும் அப்படியே பொதியில ஏறிடும்."

ஜன்னல் கம்பியில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றை மூன்றாகப் பிரித்துக் கட்டினான் தாஜுதீன். ஞானப்பிரகாசம் அதன் முன்னால் நின்றான். விரல்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு அரை முறுக்கு, மடிப்பு, அரை முறுக்கு என்று தாமாகவே பழைய தடத்தில் ஓட ஆரம்பித்தன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா நிற்கப் பிடிக்காமல் தாஜுதீன் தன் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைத்த கதையைச் சொன்னான். ஞானப்பிரகாசம் "அட, அப்படியா சேதி" என்றான். மச்சான் பைக்கைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்ட கதையைச் சொன்னான். "அட, அப்படியா சேதி." கயிறு இடதுபக்கம் சாய்ந்து முடிந்தபோது தாஜுதீன் நெகிழ்ந்து போயிருந்தான்.

"எங்க வீட்டுல கூட என் பேச்ச இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்லண்ணே. சரி, பதிப்பு எண் என்ன போடட்டும்? களஞ்சியத்துல இருக்கறது நாலு. நாம அதுக்கு மேல போட்டாத்தான் மேஸ்திரி நம்மளத விட்டு வெப்பாரு."

"அஞ்சு?"

"அடுத்த வருஷம் அவங்க ஆறு விட்டா உங்களது போயிடும்."

மொட்டைத் தலையோடு பிலோமினா ஞானப்பிரகாசத்தின் கண் முன்னால் வந்து நின்றாள். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது போடு" என்றான்.

"அவ்வளவு எதுக்குண்ணே?"

"போடு தம்பி. என் காலம் முடியிற வரைக்கும் எவனும் மேல ஏறக் கூடாது."

மாடிப்படியில் குதித்துக்கொண்டு இறங்கும்போது மேஸ்திரி வந்தார். "ஐயா, வணக்கம். களஞ்சியத்தில் உள்ளதைவிட மிகப் புதிய பதிப்பு ஒன்று தங்களிடம் உள்ளதாகத் தெரிகிறது. பிற பயனாளர்களின் நன்மை கருதி அதனை..."

"சரி" என்றான் ஞானப்பிரகாசம். கீழே ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் பிலோமினா கண்ணாடியைப் பார்த்தாள். பின்னல் இடது தோளைத் தொட்டுக்கொண்டு கோணலாக நின்றது. அதை முன்னால் இழுத்துப் போட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு வக்கீல் கதை முழுசாக அரங்கேறியது. ஞானப்பிரகாசம் தகுந்த இடங்களில் "அட, அப்படியா சேதி" சொன்னான். இவ்வளவு சந்தோஷமான காலை அந்த வீட்டில் சமீபத்தில் விடிந்ததில்லை.

முதலில் பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தான். இரட்டைச் சடையில் இரண்டும் இடதுபக்கம் சாய்ந்திருந்தன. பாவம், அவசரத்தில் பின்னியிருப்பார்கள் என்று நினைத்தான். மறுநாள் அந்த நிறுத்தத்தில் நின்ற அத்தனை பெண்களும் இடதுபக்கம் சாய்ந்திருந்தார்கள். வார முடிவில் பூக்கடையில், கல்யாண ஊர்வலத்தில், செய்தி வாசிக்கும் அம்மாளின் தலையில், எங்கே பார்த்தாலும் ஞானப்பிரகாசத்தின் அரை முறுக்கு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று ஒரு பதிப்பு கண்டதும் மாநிலத்திலுள்ள அத்தனை மேஸ்திரிகளும் கைகட்டி நின்று அதை இறக்கிக்கொண்டுவிட்டார்கள். களஞ்சியத்தார் பதறிப்போய்ப் பதிப்பு ஐந்தை வெளியிட்டார்கள். எண்ணைப் பார்த்த மேஸ்திரிகள் அதைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பேராசிரியர், இந்தச் சாய்வு நம் பழைய சிற்பங்களிலேயே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். படத்தில் சிலையே சாய்ந்திருந்தது.

அது தன் கைவேலை என்று ஞானப்பிரகாசம் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று சொல்ல வேண்டும். பிலோமினா முன்போலவே வேலைக்குப் போய்வந்தாள். தெருவில் நடக்கும்போது மட்டும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்காகப் பிலோமினா தெருமுனை அழகு நிலையத்துக்குப் போய்வந்தாள். போனவள் ஒரு மாதிரியாகத் திரும்பினாள். மறுநாள் காலை முக்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்தாள். ஞானப்பிரகாசம் சீப்பை எடுத்தான்.

"நேத்து எங்க டாக்டர் ஜன்னல் வழியாப் பறந்து போயிட்டாருங்க" என்றாள்.

அரை முறுக்கு, மடிப்பு. "அட, அப்படியா சேதி."

"போறப்ப ஆஸ்பத்திரிய என் பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போனாரு."

"அட, அப்படியா சேதி."

"அத வித்து ஒரு யானை வாங்கியிருக்கேன். மாடியில கட்டிப் போட்டிருக்கு."

"அட, அப்படியா சேதி" என்ற பிறகுதான் யானை ஞானப்பிரகாசத்தின் காதில் விழுந்தது. கை நின்றது.

பிலோமினா திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"மூணு மடிப்புக்கு ஒருதரம். அழகு நிலையத்துல அந்தப் பொண்ணு பின்னிவிட்டுச்சு. நான் பாட்டுக்கு நிச்சயதார்த்தத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். 'அட, அப்படியா சேதி'ன்னுச்சு. உங்க குரல்ல, உங்க ராகத்துல. சந்தேகப்பட்டு, உங்க கடை தீப்பிடிச்சு எரியுதும்மான்னேன். அதுக்கும் அதேதான். எதிர்வீட்டு வாசுகியக் கேட்டா, அவ புருஷனும் மக தலைய முறுக்கறப்ப அதேதான் சொல்றாராம். மூணு மடிப்பு, ஒரு சேதி. மூணு மடிப்பு, ஒரு சேதி." அவள் குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா உங்க காது கேக்கலயா? விரலுதான் பேசிச்சா?"

"கேட்டுக்கிட்டுதான் பிலோமி இருந்தேன்." அவன் அதை உண்மையாகவே நம்பியிருந்தான்.

"அப்ப சொல்லுங்க. வக்கீல் கதையில யாரு யாரக் கடிச்சது?"

ஞானப்பிரகாசம் யோசித்தான். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று தெம்பை வரவழைத்துக்கொண்டான். "டாக்டர் வக்கீலக் கடிச்சாரு."

பிலோமினா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"பிலோமி, சத்தியத்த நல்லா யோசிச்சுப் பாரு. பின்னல் திரும்பி வந்துடுச்சே!"

"என் பின்னல்னு சொன்னேன். ஊர் பின்னல்னு சொல்லல. மாதாவுக்கு வித்தியாசம் தெரியும்."

வேளாங்கண்ணி பஸ்ஸில் முன் வரிசை முழுக்க இடதுபக்கம் சாய்ந்த சடைகள். பிலோமினா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். முடியிறக்கும் கொட்டகையில் ஞானப்பிரகாசம், "நானும் போட்டுக்கறேன்" என்றான். அவள் அவன் வழுக்கையை ஒருமுறை பார்த்து, "மாதாவ ஏமாத்தாதீங்க" என்றாள். பிறகு குனிந்து உட்கார்ந்தாள். அந்தக் கூந்தல் தரையில் விழுந்தபோது ஞானப்பிரகாசம் எல்லார் முன்னிலையிலும் தேம்பி அழுதான். அழகு போனதற்காக அவன் அழவில்லை. அத்தனை காலைகளின் கதைகளும் அந்தக் கூந்தலின் மேல் கொட்டப்பட்டவை, ஒன்றுகூடத் தன்னிடம் மிச்சமில்லை என்பதற்காக அழுதான்.

திருச்சி திரும்பிய மறுநாள் காலை. பழக்கம் என்பது மேஸ்திரியைவிடப் பெரிய மேஸ்திரி. பிலோமினா தன்னை அறியாமல் முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள், சந்தனம் பூசிய தலையோடு. ஞானப்பிரகாசமும் பின்னால் போய் நின்றுவிட்டான். கையில் சீப்பு. சீவுவதற்கு ஒன்றுமில்லை. சீப்பை அலமாரியில் வைத்தான். கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. இன்னொரு முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன?" என்றாள் பிலோமினா.

"அந்த வக்கீல் நாற்காலியில சாய்ஞ்சாரு. டாக்டர்கிட்ட என்னமோ சொன்னாரு. என்ன சொன்னாரு?"

அவள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்கு? தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியலன்னா இன்னிக்கு வேலைக்குப் போக மாட்டேன்."

"வலிச்சா கேஸ் போடுவேன்னாரு" என்றாள் பிலோமினா, வேண்டாவெறுப்பாக. "அதுக்கு டாக்டர், வாயத் தொறந்தாத்தான் வலிக்குமா இல்லையான்னு சொல்ல முடியும்னாரு..." சொல்லச் சொல்ல அவள் கைகள் எழும்பின, குரல் ஏறியது. இத்தனை வருஷமாகத் தன் முதுகுப் பக்கமிருந்து பார்த்த மனிதனுக்கு, கதை சொல்லும்போது தன் புருவம் எப்படித் துள்ளும் என்பதே தெரியாது என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஞானப்பிரகாசம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, வணக்கம்" என்றார் மேஸ்திரி.

"சரி" என்ற வார்த்தை ஞானப்பிரகாசத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"தாங்கள் தற்போது செய்துகொண்டிருக்கும் செயல் என் கணக்கில் இல்லை. இதற்குரிய பொதி களஞ்சியத்திலும் இல்லை. இதனைப் பொதியாகப் பதிவு செய்து, பிற பயனாளர்களின் நன்மை கருதிப் பகிரலாமா?"

வாழ்க்கையில் முதன்முதலாக மேஸ்திரியின் கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்தான் ஞானப்பிரகாசம்.

"வேண்டாம்" என்றான்.

"என்ன வேணாம்?" பிலோமினாவின் கை பாதியில் நின்றது.

"உன்கிட்ட சொல்லல. நீ சொல்லு. வாயத் தொறந்தாரு. தொறந்துட்டு?"

"தொறந்துட்டு டாக்டர் விரலக் கடிச்சுட்டாரு!"

ஞானப்பிரகாசம் வாய்விட்டுச் சிரித்தான். எந்த விரல் என்று கேட்டான். அவள் தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். அன்றைக்கு இருவருமே வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்கள்.